பத்து நகத்திலும் ஒரு கோடு

முதலில் எல்லாரும் இரண்டு கையையும் நீட்டுங்கள். பயப்படாதீர்கள், பிரம்போடு யாரும் நிற்கவில்லை. நகத்தைப் பாருங்கள். டெய்லர் மகனே, மிஷின் ஊசி ஏறிப் பிளந்த உன் கட்டைவிரல் நகம் இன்னும் அப்படியேதான் இருக்கும். போலீஸ்காரர் மகனே, நீ கடித்துத் தின்றது போக மிச்சம் ஏதாவது இருந்தால் பார். கற்பூரக்கடைக்காரர் மகனே, உனக்குச் சொல்லவே வேண்டாம். ஏழாவது படிக்கும்போதே மருதாணி வைத்துக்கொண்டு வந்து அடி வாங்கியவன் நீ.

முப்பதைத் தொடப்போகிறோம். என் முன்மண்டையில் என் மகன் பம்பரம் விடலாம். இந்த வயதில் இவன் நகத்தைப் பற்றி எழுத உட்கார்ந்துவிட்டானே என்று சிரிப்பீர்கள். சிரித்து முடித்துவிட்டுப் படியுங்கள். நாம் நாலு பேரும் ஆடிய ஒரு விளையாட்டைப் பற்றி எழுதுகிறேன். அதில் முதல் மார்க் நான்தான். என் வாழ்க்கையில் நான் வாங்கிய ஒரே முதல் மார்க்கும் அதுதான்.

நம் ஊர் தனி மாவட்டமான மறு வருஷம். என் அப்பா ஒரு தோல் டாக்டரிடம் கம்பவுண்டர். டாக்டர் செவ்வாயும் வெள்ளியும் மட்டும் வேலூரிலிருந்து பஸ்ஸில் வருவார். மற்ற நாட்களில் அந்த இரண்டு அறைக்கும் என் அப்பாதான் ராஜா. கண்ணாடிப் பலகையில் களிம்பைக் கொட்டித் தட்டைக் கத்தியால் குழைத்துக்கொண்டிருப்பார். கந்தக வாசனையும் ஸ்பிரிட் வாசனையும் அவர் சட்டையில் இருக்கும். இன்றைக்கும் எங்காவது தீக்குச்சி கிழித்தால் அப்பா வந்துவிட்டார் என்றுதான் எனக்கு ஒரு கணம் தோன்றும்.

டாக்டரின் மேஜையில் பழுப்பு அட்டை போட்ட தடிப் புத்தகம் ஒன்று இருந்தது. பக்கத்துக்குப் பக்கம் கலர் படம். முதுகு, கழுத்து, கை, நகம். ஆளின் முகம் இருக்காது. படத்துக்கு மேலே இங்கிலீஷில் ஒரு பெயர். அப்பா எழுத்துக் கூட்டிப் படிப்பார்.

"நைனா, இதெல்லாம் இன்னா பேரு?"

"ஆளு பேருடா. டாக்டருங்க பேரு."

"அவருக்கா இந்த நோவு வந்துச்சு?"

"அவருக்கு ஏன் வருது? வேற எவனுக்கோ வந்துச்சு. இவரு பாத்து, இன்னா மாதிரி கீதுன்னு மொதல்ல எழுதினாரு. அதனால இவரு பேரு."

"நோவு ஒருத்தனுக்கு, பேரு ஒருத்தனுக்கா?"

"ஆமா. நீ நல்லா படிச்சு டாக்டரானா உம் பேரையும் வைப்பாங்க."

படிப்பதை விட்டுவிட்டு மிச்சத்தை மட்டும் நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். மறுநாளே நம் நோட்டு ஆரம்பமானது. ஞாபகம் இருக்கிறதா? பின்னட்டை கிழிந்த கட்டுரை நோட்டு. போலீஸ்காரர் மகன் ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டான். எங்கே இருக்கிறது, என்ன நிறம், அரிக்குமா, தொற்றுமா, கண்டுபிடித்தவர் பெயர். தோலில் இருந்தால் ஐந்து மார்க். நகத்தில் இருந்தால் பத்து. தொற்றுகிற நோயாக இருந்தால் மேலே இருபது. அந்த இருபதை வைத்தது யார் என்று நீங்கள் சண்டை போட வேண்டாம். நான்தான்.

அதற்கப்புறம் ஊரில் யாரையும் நாம் முகம் பார்த்துப் பேசியதில்லை. கழுத்தையும் முழங்கையையும் பார்த்தே பேசினோம். பி.டி. மாஸ்டர் சட்டையைக் கழற்றிக் கபடிக் கோடு போட்டபோது அவர் முதுகில் டெய்லர் மகன் ஒரு தேமலைப் பிடித்தான். போலீஸ்காரர் மகன் சொந்த அப்பாவின் பூட்ஸுக்குள்ளேயே சேற்றுப்புண்ணைக் கண்டுபிடித்து, அதற்குத் தன் பேரை வைத்துக்கொண்டான். கற்பூரக்கடைக்காரர் மகன் தன் நகத்தில் விழுந்த வெள்ளைப் பூவைக் காட்டினான். தாமரைக்குளத்துப் பக்கம் கொக்கு பறக்கும்போது 'கொக்கே கொக்கே பூப்போடு' என்று கையை ஆட்டி ஆட்டிக் கேட்டு வாங்கியதை நோய் என்று எப்படிச் சேர்ப்பது? அவனுக்குச் சைபர் போட்டோம். அவன் அழுதான். அவனுக்குத் துணையாக இன்னொரு சைபரும் இருந்தது. அந்தப் புத்தகத்தையே புரட்டிப் பார்க்கிற எனக்கு ஒன்றுமே அகப்படவில்லை.

இப்போது சத்துணவு அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சமையல் செய்கிறவரை மற்றப் பள்ளிக்கூடங்களில் ஆயா என்பார்கள். இவர் சின்ன வயசுக்காரர் என்பதால் நாம் அக்கா என்றோம். கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்துக் கிராமம். தோலைப் பார்த்துவிட்டுப் புருஷன் விட்டுவிட்டுப் போனான். கைவிடப்பட்ட பெண் என்று எழுதிக் கொடுத்து, நடையாக நடந்து வாங்கிய வேலை அது. மகள் நம் பள்ளிக்கூடத்திலேயே மூன்றாவது படித்தாள். தாயும் மகளும் சாப்பிட்டது அந்த அடுப்பில் வெந்ததைத்தான்.

அவருடைய கழுத்திலும் காதுக்குப் பின்னாலும் பழுப்பாகச் சொரசொரவென்று உப்புத்தாள் ஒட்டியதுபோல் இருக்கும். அடுப்புச் சூட்டில் வேர்த்தால் அது இன்னும் தடிக்கும், ஒரு வாடையும் வரும். அதற்காகவே மஞ்சளை அப்பிக்கொண்டு வருவார். நகங்களில் நீளவாக்கில் சிவப்பும் வெள்ளையுமாகக் கோடுகள் ஓடும். நுனியில் அரிவாளால் கொத்தியதுபோல் ஒரு வெட்டு. பரிமாறாத நேரத்தில் கையை முந்தானைக்குள் வைத்துக்கொள்வார். நாம் அதை மரியாதை என்று நினைத்தோம்.

சனிக்கிழமைகளில் அவர் எங்கள் வீட்டுப் பின்வாசலுக்கு வருவது உங்களுக்குத் தெரியாது. பவுடர் டப்பா மூடி ஒன்றைக் கொண்டுவருவார். அப்பா அதில் களிம்பு வழித்துப் போடுவார். "டாக்டருக்குத் தெரிய வேணாம்மா. தெரிஞ்சா எம் பொழப்பு போயிடும்" என்பார். என் அம்மா முதல் தடவை அவருக்குத் தண்ணீர் கொடுக்கத் தயங்கியபோது அப்பா சொன்னார்:

"டாக்டர் ஒரு வாட்டி பாத்து சொன்னாருடீ. பொறப்போட வர்றது. யாருக்கும் ஒட்டாது. புத்தகத்துலயே கீது. நம்ம சொம்புலயே குடு."

இது என் காதில் விழுந்தது. விழவில்லை என்று எழுத எனக்கு ஆசைதான்.

அந்த வருஷம் கோடை லீவில் எனக்கு டைபாய்டு. இருபத்தொரு நாள் படுக்கை. பள்ளிக்கூடம் திறந்து நான் போனபோது நீங்கள் மூவரும் என்னைச் சாக்பீஸ் என்று கூப்பிட்டீர்கள். அந்த வாரம் முட்டை நாள். பதினைந்து நாளைக்கு ஒரு முறை வரும் திருவிழா. அக்கா என் தட்டில் ஒரு முட்டை வைத்தார். நான் நகர்ந்த பிறகு கூப்பிட்டு, தனக்கென்று எடுத்து வைத்திருந்த முட்டையையும் உரித்து உப்புத் தொட்டு வைத்தார்.

"ஜுரம் வந்த ஒடம்பு. ரெண்டா தின்னு கண்ணு."

தின்றேன். இன்னொன்று இருக்கிறதா என்றும் கேட்டேன்.

ஆடி மாதம் என் நகங்களில் குறுக்காக ஒரு பள்ளம் தெரிந்தது. பத்து விரலிலும் ஒரே உயரத்தில், ஏதோ ஒரே கயிற்றால் கட்டி இறுக்கியதுபோல. அப்பாவிடம் காட்டினேன். விளக்குக்குக் கீழே என் விரலைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஜுரம் போட்ட கோடுடா இது. இருபது நாளு நீ படுத்துக் கெடந்தல்ல, நகமும் வளராம படுத்துக் கெடந்திருக்குது. தா, இப்புடியே மேல ஏறி வெளிய போயிடும். இதுக்குக்கூட ஒரு டாக்டரு பேரு கீது. வாயில வரல."

ஆக, எனக்கு இரண்டும் தெரியும். அக்காவுக்கு இருப்பது யாருக்கும் ஒட்டாது என்பது தெரியும். எனக்கு இருப்பது காய்ச்சலில் வந்தது என்பதும் தெரியும். இவ்வளவும் தெரிந்த பிறகுதான் நோட்டை எடுத்தேன்.

சத்துணவு அக்காவின் கழுத்தையும் நகத்தையும் அச்சு அசலாக எழுதினேன். படமும் போட்டேன். வாத்தியார்கள் பார்த்திருந்தால் எனக்குப் படிப்பு வரும் என்றே நினைத்திருப்பார்கள். தோலுக்கு ஐந்து, நகத்துக்குப் பத்து. டெய்லர் மகனுக்கு ஏற்கெனவே இருபத்தைந்து. 'தொற்றுமா?' என்ற கட்டத்துக்கு வந்து கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்தேன். பிறகு 'தொற்றும்' என்று எழுதினேன். கண்டுபிடித்தவர் பெயர் என்ற இடத்தில் என் பெயரை இனிஷியலோடு எழுதினேன்.

டெய்லர் மகன் விடவில்லை. "இன்னாடா சாக்பீஸ், தொத்தும்னு நீயா எழுதிக்குவியா? சாட்சி எங்க?"

நான் பத்து விரலையும் விரித்துக் காட்டினேன்.

"அவங்க உரிச்ச முட்டைய தின்னேன். ரெண்டு தின்னேன். தா பாரு."

உங்கள் மூன்று பேர் முகமும் போன போக்கு இன்னும் என் கண்ணில் இருக்கிறது. டெய்லர் மகனே, நீயே நோட்டை வாங்கி எனக்கு முப்பத்தைந்து போட்டாய். அன்றைக்கு வீட்டுக்குப் பாடிக்கொண்டே போனேன்.

அடுத்த முட்டை நாள். வரிசை நகர்ந்தது. அக்கா ஒரு பெரிய அலுமினிய அன்னக்கூடை நிறைய உரித்த முட்டையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டெய்லர் மகன் தட்டை நீட்டினான். முட்டை வரும்போது தட்டைப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

"வேணாங்க்கா."

"ஏன் கண்ணு?"

"வவுத்து வலி."

அடுத்து போலீஸ்காரர் மகனுக்கு வயிற்று வலி. அவன் தனக்குப் பின்னால் நின்றவனின் காதைக் கடித்தான். வயிற்று வலி வரிசையில் கடகடவென்று ஓடியது. அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் வயிற்று வலி இல்லாத பிள்ளை அக்காவின் மகள் ஒருத்திதான்.

ஹெட்மாஸ்டர் வந்தார். "இன்னாடா கூத்து இது? முட்டைக்காகவே ஸ்கூலுக்கு வர்ற பசங்க, முட்டை போடற அன்னைக்கு வவுத்து வலியா?"

போலீஸ்காரர் மகனின் சட்டைக்குள்ளிருந்து நோட்டு வெளியே வந்தது. ஹெட்மாஸ்டர் நின்றபடியே படித்தார். முதலில் அவருக்குச் சிரிப்புதான் வந்தது. தேமல் பக்கத்தில் பி.டி. மாஸ்டர் பெயர் இருந்தது. பிறகு கடைசிப் பக்கம் வந்தது. சிரிப்பு நின்றது. கிரிவலப் பாதையில் கை விரல் மழுங்கிப்போய்த் துணி விரித்து உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்துப் பார்த்து வளர்ந்த ஊர் நம்முடையது. தோலில் எது வந்தாலும் இந்த ஊருக்கு முதலில் தோன்றுவது அந்த ஒரு வியாதிதான்.

"கைய காட்டுடா."

காட்டினேன். அக்கா எழுந்து முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு என் முன்னால் வந்து குந்தினார். என் நகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். தொட்டுப் பார்க்கக் கையை நீட்டினார். பாதி வழியில் அந்தக் கை நின்றது. திரும்ப முந்தானைக்குள் போய்விட்டது.

"கண்ணு, எங்கிட்டேர்ந்தா வந்துச்சு?"

ஆமாம் என்று நான் தலையை ஆட்டினேன். வாயால் ஒன்றும் சொல்லவில்லை, தலையைத்தான் ஆட்டினேன் என்று சொல்லித்தான் இத்தனை வருஷம் என்னை நானே தேற்றிக்கொண்டு வந்திருக்கிறேன்.

முட்டைகளை வேலியோரம் புதைக்கச் சொன்னார் ஹெட்மாஸ்டர். அக்காவே குழி தோண்டினார். வெள்ளை வெளேரென்று நூற்றுக்கு மேல் முட்டை. மண் தள்ளும்போது காக்காய்கள் சுற்றிச் சுற்றி வந்தன. அவர் மகள் மட்டும் தன் முட்டையைக் கொடுக்க மாட்டேன் என்று இரண்டு கையாலும் மூடிக்கொண்டு, எல்லாரையும் முறைத்துக்கொண்டே தின்றாள்.

நோட்டை ஹெட்மாஸ்டர் வைத்துக்கொண்டார். அதை அப்புறம் நான் பார்க்கவில்லை.

கதை அங்கேயே முடிந்திருந்தால்கூடச் சின்னப் பையன், தெரியாமல் செய்துவிட்டான் என்று விட்டுவிடலாம். ஒரு வாரம் கழித்து அக்கா பெரிய ஆஸ்பத்திரியில் காட்டி ஒரு சீட்டு வாங்கி வந்தார். தொழுநோய் இல்லை என்று அதில் எழுதியிருந்தது. ஹெட்மாஸ்டர் நல்ல மனுஷர்தான். அவருக்கும் அந்த அம்மாளை அனுப்ப மனசு இல்லை. ஆனால் பெற்றவர்கள் கேட் வரைக்கும் வந்து சத்தம் போட்டிருந்தார்கள். சீட்டை இரண்டு முறை படித்தார்.

"இல்லன்னு போட்டிருக்குது, சரிம்மா. ஒட்டாதுன்னு போடலியே? அப்ப இந்தப் பையன் நகத்துக்கு நான் இன்னா பதில் சொல்றது?"

என் நகத்துக்குப் பதில் சொல்ல என் அப்பாவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். ஊரில் பாதிப் பேருக்கு அவர்தான் டாக்டர். அவர் சொன்னால் யாரும் மறுக்க மாட்டார்கள்.

அப்பா வந்தார். கந்தக வாசனை வந்தது. அக்கா சுவரோரமாக நின்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு சனிக்கிழமையும் களிம்பு வழித்துக் கொடுத்தவர் வந்துவிட்டார், இனிமேல் பயமில்லை என்று நினைத்திருப்பார். இப்போது நினைத்தால் அந்த முகத்தில் சிரிப்பின் சாடைகூட இருந்தது.

அப்பா என் விரலைப் பிடித்து, ஆடி மாதம் விளக்கடியில் திருப்பியதுபோலவே திருப்பிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். இது காய்ச்சல் போட்ட கோடு என்று அவர் சொல்லியிருக்கலாம். சொன்னால், இந்த அம்மாளுக்கு இருப்பது ஒட்டாது என்று உனக்கு எப்படித் தெரியும், நீயா வைத்தியம் பார்க்கிறாய் என்று கேள்வி வரும். அது டாக்டர் காதுக்குப் போகும், சனிக்கிழமைக் களிம்பும் வெளியே வரும். அப்பா கணக்குப் போட்ட நேரம், நான் நோட்டில் பேனாவைக் கடித்த நேரத்தைவிட ஜாஸ்தி இல்லை.

"சின்ன பசங்க பொழங்கற எடம் சார். எதுக்கும் ஜாக்கிரதையா இருக்கறது நல்லது."

அவ்வளவுதான் சொன்னார். அக்கா சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, மூன்றாவது வகுப்புக்குப் போய் மகளைக் கூட்டிக்கொண்டு வெளியே போனார். அடுத்த சனிக்கிழமை எங்கள் பின்வாசலுக்கும் வரவில்லை. அவர் எப்போதோ மறந்து விட்டுப்போன பவுடர் டப்பா மூடி ஒன்று ஜன்னல் மேலே ரொம்ப நாள் கிடந்தது.

கோடு மேலே ஏறிக்கொண்டே போனது. கார்த்திகை தீபத்துக்கு முந்தின நாள் நுனிக்கு வந்துவிட்டது. அப்பாவே பிளேடை எடுத்து என்னை உட்கார வைத்துப் பத்து விரலிலும் வெட்டினார். துண்டுகளைக் காகிதத்தில் மடித்துத் தெருமுனை வரைக்கும் போய்ப் போட்டுவிட்டு வந்தார். அதைப் பற்றி அன்றும் நாங்கள் பேசவில்லை, அவர் சாகிற வரைக்கும் பேசவில்லை. நானும் அவரும் ஒருவரையொருவர் ரொம்ப மரியாதையாக நடத்திக்கொண்டோம். அடுத்தவன் வாயைத் திறந்துவிடக் கூடாதே என்கிற பயத்துக்கு அது மரியாதை என்று பெயர்.

என்னுடைய மீதிக் கதை உங்களுக்குத் தெரியும். பத்தாவது கணக்கில் என்னை இறக்கிவிட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் மேலே போய்விட்டது. ரமணாசிரமம் பக்கம் ஆட்டோ ஓட்டுகிறேன். வெள்ளைக்காரர்களைக் கிண்டல் செய்தே பிழைக்கிறேன். அவர்களுக்குப் புரியாது, அதனால் கும்பிடுகிறார்கள்.

போன வருஷக் கடைசியில் ஊரே சிக்குன்குனியாவில் முட்டி பிடித்துக்கொண்டு நொண்டியதல்லவா, அதில் என் மகனும் படுத்தான். இரண்டு மாதம் கழித்து, போன மாதம்தான், என் வீட்டுக்காரி கத்தினாள்: "இன்னாங்க இது, புள்ள நகத்துல!" பார்த்தேன். பத்து விரலிலும் ஒரே உயரத்தில் ஒரு பள்ளம். என்ன கோடு என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஆட்டோவில் உட்கார வைத்துக்கொண்டு ஒரு தோல் டாக்டரம்மாவிடம் போனேன். என் வாயால் அதைச் சொல்ல முடியவில்லை.

சின்ன அறை. ஒருத்தரைப் பார்க்கும்போதே அடுத்தவரையும் உள்ளே உட்கார வைத்துவிடுவார்கள். பக்கத்து ஸ்டூலில் இருபத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி கழுத்துவரை துப்பட்டாவைச் சுற்றி, கையை அதற்குள் ஒளித்து வைத்துக்கொண்டிருந்தாள். அந்த ஒளித்தலை எனக்குத் தெரியும். ஓர் ஓட்டல் சமையற்கட்டில் காய் நறுக்குகிறாளாம். அது ஒட்டுமா ஒட்டாதா என்று எழுதி வாங்கி வரச் சொல்லியிருக்கிறார் முதலாளி. டாக்டரம்மா எழுதிக்கொண்டே பேசினார்.

"தெளிவாவே போட்டுட்டேன்மா. டேரியர் நோய். பரம்பரையா வர்றது. யாருக்கும் ஒட்டாது. தமிழ்லயும் எழுதியிருக்கேன். உங்க மொதலாளி மூஞ்சில காட்டு."

கையெழுத்துப் போட அவள் கையை வெளியே எடுத்தாள். சிவப்பும் வெள்ளையுமாகக் கோடுகள், நுனியில் வெட்டு. என் மகன் பாய்ந்து போய்த் தன் விரல்களை அவள் விரல்களுக்குப் பக்கத்தில் வைத்தான்.

"அக்கா, உனக்கும் கோடு கீதா? எனக்கும் கீது பாரு!"

அவள் சூடு பட்டதுபோல் கையை இழுத்துக்கொண்டாள். "தொடாத கண்ணு, தொடாத."

"அட, ஒட்டாதுன்னு இப்பதானேம்மா எழுதிக் குடுத்தேன்? நீயே நம்பலன்னா எப்டி?"

"இல்ல டாக்டர். எங்கம்மா ஸ்கூல்ல சத்துணவு சமைச்சாங்க. அவங்க கையால ஒரு பையனுக்கு ஒட்டிக்கிச்சு. நான் அப்ப மூணாவது. பத்து நகத்துலயும் கோடு, நானே பாத்தேன்."

"எந்த மாதிரி கோடு?"

அவள் என் மகனின் விரலைத் தொடாமல் காட்டினாள். "இதே மாதிரி."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "இதுக்கும் உன்னுதுக்கும் சம்பந்தமே இல்லம்மா. இது பெரிய ஜுரம் வந்தா நகத்துல விழறது. போ கோடுன்னு பேரு, ஒரு பிரெஞ்சு டாக்டர் பேரு. அந்தப் பையனுக்கு அதுக்கு முன்னாடி ஏதாவது ஜுரம் வந்திருக்கும்."

போ என்றொரு பெயர். பழைய நானாக இருந்தால் அதை வைத்தே ஒரு வாரம் ஓட்டியிருப்பேன். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பெண் சீட்டை மடித்துத் துப்பட்டாவுக்குள் வைத்துக்கொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்:

"எங்கம்மா பதினாறு வருஷமா சுத்தறாங்க டாக்டர்."

"எதை?"

"மலைய. அந்தப் பையன் நகம் சரியாவணும்னு வேண்டிக்கிட்டு, மாசாமாசம் பௌர்ணமிக்கு. ஊர்லேர்ந்து பஸ் ஏறி வந்து சுத்திட்டுப் போறாங்க. கூட்டத்துல யாரு மேலயும் பட்டுடக் கூடாதுன்னு உச்சி வெயில்ல நடக்கறாங்க. வேர்த்தா அவங்களுக்குத்தான் ஜாஸ்தியாவுது, சொன்னா கேக்க மாட்டாங்க. என் தலையகூட சீப்பாலதான் தொடுவாங்க."

ஆட்டோவுக்குப் போக வெளியே வந்தபோது அவளும் படியில் இறங்கிக்கொண்டிருந்தாள். நான் கூப்பிட்டேன். ஏன் கூப்பிட்டேன் என்று தெரியவில்லை.

"அந்தப் பையன்... கம்பவுண்டர் மகன்தான? எனக்குத் தெரியும்மா. என் கூட்டாளிதான். அவனுக்கு ஒண்ணும் ஆவல. அந்த வருஷம் தீபத்துக்குள்ளயே எல்லாம் சரியாப் போச்சு."

பாருங்கள். அப்போதும் ஒரு பொய். என் கை தானாகவே பின்னால் போய் ஒளிந்துகொண்டிருந்தது.

அவள் என் காக்கிச் சட்டையைப் பார்த்தாள். பின்னால் போன கையைப் பார்த்தாள். அவளுக்கு எதுவரைக்கும் புரிந்தது என்று எனக்குத் தெரியாது.

"நான் சொன்னா எங்கம்மா நம்ப மாட்டாங்கண்ணா. கண்ணால பாத்தாத்தான் நம்புவாங்க. அவர ஒரு வாட்டி கூட்டிட்டு வாங்க. வர்ற பௌர்ணமிக்கு பகல் பன்னெண்டு மணிக்கு ராஜகோபுரத்துக்கு எதிர்ல செருப்ப உட்டுட்டு கெளம்புவாங்க."

"கூட்டிட்டு வரேன்" என்றேன்.

இந்தக் கடிதத்தை எழுத ஆரம்பித்த காரணத்தை இப்போது சொல்லிவிடுகிறேன். கற்பூரக்கடைக்காரர் மகனே, உன்னை அனுப்பலாம் என்று நினைத்தேன். உன் கைதான் நம் எல்லார் கையையும்விட வழவழப்பு. கம்பவுண்டர் மகன் நான்தான் என்று நீ போய்க் கையைக் காட்டிவிட்டால் அவருடைய நடை நின்றுவிடும், நானும் தப்பித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். என் அப்பாவின் பிள்ளைதானே. எழுதிக்கொண்டே வந்ததில், குழி தோண்டிய இடத்தில் பேனா நின்றுவிட்டது. அதற்குமேல் அந்தக் கணக்கை என்னால் போட முடியவில்லை.

யாரும் வர வேண்டாம். பௌர்ணமிக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது. நான் நகம் வெட்டி ஒரு மாதம் ஆகிறது. "இன்னாங்க இது, கோயில் யானையாட்டம்" என்று என் வீட்டுக்காரி தினமும் கேட்கிறாள். ஏன் வெட்டாமல் விட்டேன் என்று எனக்கே இப்போதுதான் புரிகிறது, அவர் பார்க்கிறதற்கு நிறைய நகம் இருக்கட்டும் என்றுதான். ராஜகோபுரத்துக்கு எதிரில் நின்று பத்து விரலையும் நீட்டப்போகிறேன். காய்ச்சலையும் நோட்டையும் என் அப்பாவையும் பற்றிச் சொல்லப்போகிறேன். அதற்கப்புறம் அவர் திட்டலாம், அறையலாம், ஒன்றும் சொல்லாமல் நடந்து போய்விடலாம்.

அன்றைக்குப் பாதி வழியில் நின்றுபோன அந்தக் கை மிச்ச தூரமும் வந்து என் நகத்தைத் தொடுமா என்றுதான் தெரியவில்லை. அது தெரிகிறவரைக்கும் வெட்டப்போவதில்லை.